விரிசல் விட்ட வெல்டிங் பைப் எத்தனை நாள் தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வெல்டிங் பரிசோதனை வேலையில் இருப்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் சுற்றிச் சுற்றி வரும். சின்னமுட்டத்தில் படகு வைத்திருப்பவர்கள், முப்பந்தல் காற்றாலைகளில் சர்வீஸ் பார்க்கும் பையன்கள், கோணம் ஐடிஐயில் வெல்டர் படிப்பவர்கள், கல்ஃப் விசாவுக்குக் காத்திருப்பவர்கள் என்று கேட்பவர்கள் பலவகை. எல்லோருக்கும் சேர்த்து எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கணக்கு கொஞ்சம் வரும். பெருக்கல் தெரிந்தால் போதும்.

இத்தனை வருஷம் தாங்கிய பைப் திடீரென்று ஏன் உடைகிறது?

திடீரென்று உடைவதில்லை. உடையும் வேலை பல மாதமாகவோ பல வருஷமாகவோ உள்ளே நடந்துகொண்டிருந்தது, கடைசி நிமிடம்தான் நம் கண்ணில் பட்டது. ஒரு பைப்பை ஒரே இழுப்பில் உடைக்க எவ்வளவு சுமை வேண்டுமோ, அதில் கால் பங்குகூட இல்லாத சுமை ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தாலே போதும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் விரிசல் நுனி துளி நகரும். இதைத்தான் ஃபெட்டீக் என்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் வரிசையாக முறிந்தபோது ஜெர்மனியில் ஆகஸ்ட் வூலர் என்ற பொறியாளர் சோதனை செய்து காட்டியதும் இதுதான்: அச்சின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது சுமையின் உச்சம் அல்ல, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்தை இந்தப் பக்கம் முழுக்க ‘வீச்சு’ என்று சொல்லப்போகிறேன்.

ஏன் எப்போதும் வெல்டிங் பக்கத்திலேயே விரிசல் வருகிறது?

வெல்டரைத் திட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நல்ல வெல்டிங்கிலும் காரணங்கள் உண்டு.

முதலில் வடிவம். வெல்ட் உலோகம் பைப்பின் மேல்பரப்பைத் தொடும் ஓரத்தை டோ என்போம். அந்த மடிப்பில் தகைவு, அதாவது சுமையால் உலோகத்தின் ஒவ்வொரு துளிப் பரப்பிலும் விழும் விசை, குவியும். ஓரத்தில் பைப் உருகிப் பள்ளம் விழுவதை அண்டர்கட் என்போம், அது இருந்தால் இன்னும் மோசம். மேலே அழகாக அலை அலையாக இருக்கும் வெல்டிங், ஓரத்தில் செங்குத்தாக இறங்கினால் ஃபெட்டீக்குக்கு அது நல்ல வெல்டிங் இல்லை.

அடுத்தது ரூட், அதாவது வெல்டின் அடிப்பகுதி. பைப்பை வெளியிலிருந்து மட்டும்தான் வெல்டிங் பண்ண முடிகிறது. உள்பக்கம் சரியாக உருகிச் சேர்ந்ததா என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. சேராத இடம் பிறவியிலேயே ஒரு விரிசல். சர்வதேச வெல்டிங் கழகத்தின் பரிந்துரையில் இரண்டு முனைகளை நேருக்கு நேர் வைத்து ஒரு பக்கமிருந்து போட்ட முழு ஊடுருவல் பட் வெல்டுக்கு, ரூட்டைப் பரிசோதித்திருந்தால் தரம் 71, பரிசோதிக்காவிட்டால் 36. சுமை ஒரு தடவை ஏறி இறங்குவது ஒரு சுற்று; 20 லட்சம் சுற்றுக்கு எத்தனை மெகாபாஸ்கல் (தகைவை அளக்கும் அலகு) வீச்சை நம்பலாம் என்பதுதான் அந்த எண். ஆயுள் வீச்சின் முப்படிக்கு எதிராகப் போவதால், 71க்கும் 36க்கும் ஆயுளில் ஏறக்குறைய 8 மடங்கு வித்தியாசம். வெல்டிங் அதே வெல்டிங்தான். பார்த்தோமா பார்க்கவில்லையா என்பதுதான் பேதம்.

மூன்றாவது, பலரும் மறந்துபோவது, உள்ளே தங்கிவிடும் தகைவு. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும், பக்கத்து இரும்பு விடாது. அந்த இழுபறி அப்படியே உள்ளே உறைந்துவிடுகிறது; சில இடங்களில் இரும்பின் ஈல்டு அளவுக்கே, அதாவது இரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவுக்கே, இழுவை இருக்கும். அதனால்தான் ‘இங்கே அமுக்குவிசை மட்டும்தானே வருகிறது, விரிசல் திறக்காதே’ என்ற வாதம் வெல்டிங் இடத்தில் செல்லாது. வெளியிலிருந்து அமுக்கினாலும் உள்ளே இழுவை கூடிக் குறைந்துகொண்டுதான் இருக்கும்.

விரிசல் எவ்வளவு வேகமாக வளரும்? கணக்கு உண்டா?

உண்டு. 1963இல் பாரிஸ், எர்டோகன் இருவரும் வெளியிட்ட விதி இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஒரு சுற்றில் விரிசல் வளரும் அளவு, விரிசல் நுனியில் உள்ள தகைவுச் செறிவு எண்ணின் வீச்சைப் பொறுத்தது. இரும்புக்கு அதை முப்படி என்று எடுத்துக்கொள்ளலாம். செறிவு எண் என்பது தகைவு வீச்சையும் விரிசல் ஆழத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வருவது. ஆகவே தகைவு இரட்டித்தால் வேகம் 8 மடங்கு. ஆழம் 4 மடங்கானாலும் வேகம் 8 மடங்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆழம் 2 மி.மீ., வீச்சு 50 மெகாபாஸ்கல், சாதாரணக் காற்று. வடிவத் திருத்தங்களை விட்டுவிட்டு, வெல்டிங் மதிப்பீட்டுக்கு வழக்கமாக எடுக்கும் மாறிலிகளைப் போட்டால், ஒரு சுற்றுக்கு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு வருகிறது. ஒன்றுமே இல்லை போலத் தெரியும். ஆனால் ஆழம் கூடக் கூட வேகமும் கூடுவதால், 2 மி.மீ. விரிசல் 8 மி.மீ. ஆக சுமார் 20 லட்சம் சுற்று போதும்.

20 லட்சம் என்பது அதிகமா, குறைவா? அது எது அந்த பைப்பை ஆட்டுகிறது என்பதைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் டீசல் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை பைப்பை ஆட்டினால், 20 லட்சம் முடிய சுமார் 22 மணி நேரம்தான். 8 விநாடிக்கு ஒன்றாக வரும் கடல் அலை என்றால் 185 நாள். தினமும் காலையில் பம்பைப் போட்டு மாலையில் நிறுத்துவது மட்டும்தான் சுற்று என்றால் 5,400 வருஷத்துக்கு மேல். இரும்பும் விரிசலும் மூன்றிலும் ஒன்றேதான். அதனால் யாராவது ‘விரிசல் எத்தனை மில்லி?’ என்று கேட்டால், ‘எது ஆட்டுகிறது?’ என்று நான் முதலில் கேட்பேன்.

இன்னொன்றும் இதிலேயே தெரியும். வீச்சைப் பாதியாக்கி 25 மெகாபாஸ்கல் ஆக்கினால், இதே 2 மி.மீ. விரிசல் வளராமல் நிற்கும் எல்லைக்கு வந்துவிடும். அந்த எல்லையைத் தொடக்க வரம்பு என்பார்கள். ஆட்டத்தைக் குறைக்க ஒரு நல்ல சப்போர்ட் கிளாம்ப் போடுவது, தடித்த பைப் மாற்றுவதைவிடப் பல சமயம் பலன் தருவது இதனால்தான்.

கூடுதல் வலிமையுள்ள இரும்பு வாங்கிப் போட்டால்?

வெல்டிங் இடத்தில் பெரிதாக எந்த லாபமும் இல்லை. சாதாரண மைல்டு ஸ்டீலிலும் உயர் வலிமை ஸ்டீலிலும் விரிசல் வளரும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். விலை உயர்ந்த இரும்பு என்று தடிமனைக் குறைத்தால் வீச்சு கூடி, ஆயுள் குறையும். காசு கொடுத்து வாங்கிய வம்பு.

ஒரு சின்னக் கொக்கி, ஒரு கிளிப், பைப்பில் சும்மா ஒட்டவைத்தால் என்ன கெட்டுப்போகும்?

1980 மார்ச் 27 அன்று வடகடலில் நார்வேயின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அலெக்சாண்டர் கீலாந்து என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்தது. எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த மேடை. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். ஐந்து தூண்களில் ஒன்று முதலில் கழன்று போனது. அதைப் பிடித்திருந்த பெரிய குழாய்களில் ஒன்றில், டி6 என்று எண்ணிட்டது, விரிசல் வளர்ந்து குழாய் முறிந்திருந்தது.

விரிசல் எங்கே பிறந்தது என்று தேடியவர்கள் போய் நின்ற இடம், நீருக்கடி ஒலி கேட்கும் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காக அந்தக் குழாயில் பற்றவைத்திருந்த தாங்கி. அதைப் பிடித்திருந்தது 6 மி.மீ. ஃபில்லட் வெல்டு, அதாவது இரண்டு பாகம் சேரும் மூலையில் போடும் வெல்டு. சுமை தாங்கும் கணக்கில் அந்தத் தாங்கிக்கு இடமே இல்லை, அதனால் அந்த வெல்டை யாரும் பெரிதாக மதிக்கவும் இல்லை. விரிசலின் பரப்பில் ஓரிடத்தில் பெயிண்ட் இருந்தது. அப்படியென்றால் கப்பல் தளத்தில் பெயிண்ட் அடிக்கும்போதே விரிசல் திறந்திருந்தது என்று அர்த்தம். மிச்சத்தை வருஷக்கணக்கில் வந்த அலை செய்து முடித்தது.

படகின் கேண்ட்ரி பைப்பிலோ, காற்றாலைக் கோபுரத்தின் உள்சுவரிலோ வயர் கட்ட ஒரு கொக்கி ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதைதான் பதில். பட்டைக் கிளாம்ப் போட்டு நட்டு முடுக்குங்கள்.

லீக் தெரிந்ததும் நிறுத்திவிட்டால் போதாதா? உடைவதற்கு முன் லீக் வரும்தானே?

பல பைப்களில் வரும். ஒரு பெரிய துறையே அந்த நம்பிக்கையில் நிற்கிறது. உடையும் முன் கசிவு என்பதே அந்தக் கொள்கையின் பெயர். விரிசல் சுவரைத் துளைத்ததும் கசியும். கசிவைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு விரிசல் பெரிதானபோதும் பைப் நிலையாக நிற்கும் என்று கணக்கில் காட்டிவிட்டால், நிறுத்தி மாற்ற அவகாசம் இருக்கிறது. அணுமின் நிலையக் குழாய்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. அந்த நிலைத்தன்மைக் கணக்கு பழைய பழக்கத்தில் ஒரே திசையில் மெல்ல இழுத்துப் பார்த்த சோதனைகளின் மேல் நின்றது. நிலநடுக்கம் அப்படி இழுக்காது. முன்னும் பின்னுமாகப் பெரிய சுமையோடு சில பத்துத் தடவை உலுக்கும். மழுங்கிய விரிசல் நுனி திரும்ப அமுக்கும்போது மறுபடி கூர்மையாகிறது. நுனிக்கு முன்னால் திறந்திருந்த நுண்குழிகள் நசுங்கி மூடி, அடுத்த இழுப்பில் மறுபடி திறக்கின்றன. எஃகின் கிழிபடா வலிமையே இறங்கிப்போகிறது. ஒரே இழுப்பில் ஒரு விரிசல் பைப் பத்திரமாகத் தாங்கிய சுமைக்குக் கீழேயே, சில சுற்றுகளில் அதே மாதிரி பைப் முழுதாகக் கிழிந்துவிடலாம்.

இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்த சோதனைகள் நம் நாட்டிலும் நடந்திருக்கின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையமும் சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, வேண்டுமென்றே வெட்டு போட்ட முழு அளவுக் கார்பன் எஃகுக் குழாய்களை, வெல்டிங்கோடும் இல்லாமலும், முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்தார்கள். இந்தியக் கனநீர் உலைகளின் முதன்மை வெப்பச் சுற்றில் ஓடும் எஸ்ஏ 333 கிரேடு 6 வகை எஃகு அது. உடனே ‘கூடங்குளம்?’ என்று கேட்பீர்கள், நம் எல்லையைத் தாண்டினால் அதுதானே. அங்கே இருப்பது ரஷ்ய வகை உலை, குழாய் எஃகும் வேறு. ஆனால் முன்னும் பின்னும் உலுக்கினால் எஃகு சோர்ந்துபோகும் என்பது எந்த எஃகுக்கும் பார்க்க வேண்டிய விஷயம்.

ஹைட்ரோ டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது. விரிசல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தத்தில் அன்றைக்கு உடையவில்லை, அவ்வளவுதான் அது சொல்லும். அந்த அழுத்தத்தில் உடையாத அளவு விரிசல் உள்ளே தாராளமாக இருக்கலாம். டெஸ்ட் சர்டிஃபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டிவைத்துப் பைப்பை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீளவாக்குத் தையலா, வட்ட வெல்டிங்கா, எது ஆபத்து?

உள்ளழுத்தம் மட்டும் என்றால் நீளவாக்குத் தையல்தான். பைப்பைப் பிளக்கப் பார்க்கும் தகைவு, அதை நீளவாக்கில் இழுக்கும் தகைவைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் வளைவு, அதிர்வு, சூட்டில் நீளுவது எல்லாம் வட்ட வெல்டிங்கின் தலையில் விழும். எஞ்சின் பக்கத்து பைப் வட்டமாக உடைவதும், அழுத்தம் ஏறி இறங்கும் பைப் நீளமாகக் கிழிவதும் இதனால்.

கோதையாறு மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் பென்ஸ்டாக் குழாய் மாதிரி இடங்களில் தண்ணீர் இடியும் சேரும். இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் சுமார் 10 பார் அழுத்தம் எகிறும். வால்வை மெதுவாக மூடச் சொல்வது சும்மா இல்லை.

நம்ம ஊர் உப்புக்காற்று இதில் எவ்வளவு விளையாடும்?

நிறைய. துருப்பிடிக்க விட்ட எஃகு கடல்நீரில் நனைந்துகொண்டே ஆடினால், விரிசல் வளரும் வேகத்தைக் காற்றில் இருப்பதைவிட சுமார் 4 மடங்கு என்று வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். வளராமல் நிற்கும் எல்லை என்று மேலே சொன்னேனே, அதையும் நம்ப முடியாது. துருக்குழி ஒவ்வொன்றும் புது விரிசலுக்கு வாசல். சுமை மெதுவாக ஏறி இறங்கும்போதுதான் உப்புநீர் அதிகம் கெடுக்கும், ஏனென்றால் திறந்த விரிசலுக்குள் வேலை பார்க்க அதற்கு நேரம் கிடைக்கிறது. பெயிண்டை வெல்டிங் ஓரத்தில் ஒரு கை கூடுதலாக அடியுங்கள். அங்கேதான் முதலில் உரியும்.

முப்பந்தல் காற்றாலைக் கோபுரமும் வெல்டிங் பைப் தானே?

ஆமாம், புதிய கோபுரங்கள் பெரும்பாலும் தகட்டை உருட்டி வெல்டிங் பண்ணிய ராட்சத பைப்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று மே கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் வரை விடாது. இறக்கைகள் நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றினால் இடைவிடாமல் ஓடும் ஓர் ஆண்டில் 79 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று இறக்கையும் கோபுரத்தைக் கடக்கும். ஆகவே இங்கே சுற்று எண்ணிக்கைக்குப் பஞ்சமே இல்லை. வீச்சைச் சின்னதாக வைத்திருப்பதுதான் வடிவமைப்பாளர் வேலை. சர்வீஸ் பையன்கள் பார்க்க வேண்டிய இடம்: கதவு வெட்டிய ஓரம், ஃபிளாஞ்ச் வெல்டு, உள்ளே ஏணித் தாங்கி ஒட்டிய இடங்கள். பெயிண்டில் மெல்லிய துருக்கோடு நேராக இறங்கினால் அழுக்கு என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள்.

விரிசல் மேலேயே ஒரு கோட் இழுத்தால் சரியாகாதா?

‘மக்கா, ஒரு கோட் இழுத்துவிட்டா போதும்’ என்பது பட்டறையில் காதில் விழாத நாளில்லை. அது விரிசலை மூடுமே தவிர எடுக்காது. கீழே விரிசல் அப்படியே இருக்கும், மேலே புது டோவும் புதுச் சுருக்கத் தகைவும் சேரும்.

முறையான வழி: முதலில் லைனை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, உள்ளே இருந்ததைச் சுத்தம் செய்யுங்கள். டீசல் ஓடிய பைப் என்றால் உள்ளே ஆவியே இல்லை என்று உறுதியாகாமல் கிரைண்டரைத் தொடக்கூடாது. பிறகு விரிசலை நுனிவரை கிரைண்டரால் தோண்டி எடுங்கள். தோண்டி முடித்தபின் டிபி டெஸ்ட் (விரிசலுக்குள் புகும் சிவப்புச் சாயம் தடவிப் பார்ப்பது) போடுங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் இன்னும் தோண்ட வேண்டும். தடித்த பைப் என்றால் முன்சூடு கொடுத்து, லோ ஹைட்ரஜன் ராடு வைத்து நிரப்புங்கள். கடைசியில் வெல்ட் ஓரத்தை பர் கிரைண்டரால் வழவழப்பாக இழையுங்கள், அண்டர்கட்டின் அடியைத் தாண்டி அரை மி.மீ. வரை. கீறல் தடம் வெல்டுக்குக் குறுக்காக, சுமை போகும் திசையில் இருக்கட்டும். இந்த ஒரு வேலை டோ விரிசலுக்கான ஆயுளை இரண்டு மடங்காக்கும். அரைமணி நேர வேலைக்கு இதைவிட மலிவான லாபம் எனக்குத் தெரியாது. ரூட்டில் விரிசல் இருந்தால் மட்டும் இது பிரயோஜனப்படாது.

விரிசல் நுனியில் துளை போடுவது தற்காலிக நிறுத்தம். நுனி எங்கே என்று சரியாகக் கண்டுபிடிக்காமல் போட்டால் அதுவும் இல்லை. அழுத்தம் உள்ள பைப்பில் யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம், எது ஆட்டி உடைத்ததோ அதைச் சரிசெய்யாமல் வெல்டிங் மட்டும் போட்டால், அதே இடத்துக்குத் திரும்ப வருவீர்கள்.

அண்ணே, 6013 ராடும் 7018 ராடும் அவ்வளவு வித்தியாசமா?

ஜிஐ கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் 6013 போதும். ஆடும் பைப்புக்கு 7018. ஆனால் பெட்டி திறந்து கிடந்த 7018, லோ ஹைட்ரஜன் என்ற பெயரை இழந்துவிட்டது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது, காற்றில் ஈரத்துக்குக் குறையே இல்லை. ஓவனில் 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டெடுத்து, சூடான குவிவரில் (ராடுகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி) வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்தால் வேலை முடிந்து ஆறியபிறகு, சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து விரிசல் விடும். கடினமான எஃகில் 48 மணி நேரம் காத்திருந்து டெஸ்ட் எடுப்பது அதற்காகத்தான்.

எந்த டெஸ்ட் எடுப்பது?

மேல்பரப்பு விரிசலுக்கு டிபி அல்லது காந்தத்துகள் சோதனை. சாதாரண இரும்பில் காந்தத்துகள் கூடுதல் நம்பகம், காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ்ஸில் அது நடக்காது. உள்ளே இருப்பதற்கு அல்ட்ராசோனிக். எக்ஸ்ரே ஃபிலிம் எடுத்தால் ஸ்லாக் (வெல்டுக்குள் சிக்கிய கசடு), காற்றுக்குமிழி அழகாகத் தெரியும். ஆனால் கதிருக்குச் சாய்வாகக் கிடக்கும் மெல்லிய விரிசல் படத்தில் விழாமல் தப்பிவிடும். ‘எக்ஸ்ரே எடுத்தாச்சு’ என்ற நிம்மதி அரைகுறை நிம்மதி.

பைப் உடைந்தே போய்விட்டது. துண்டை என்ன செய்ய?

பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள், அதில்தான் சாட்சி இருக்கிறது. இரண்டு துண்டையும் பொருந்துகிறதா என்று சேர்த்துப் பார்க்காதீர்கள், உரசினால் முகம் அழிந்துவிடும். கம்பிப் பிரஷ் போடாதீர்கள். உப்புநீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, லேசாக எண்ணெய் தடவிச் சுற்றிவையுங்கள்.

உடைந்த முகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், சொத்தவிளைக் கடற்கரையில் அலை வடிந்த மணலில் இருக்கும் வரிகளைப் போல வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். எல்லா வளைவும் ஒரு புள்ளியைச் சுற்றி இருக்கும். விரிசல் பிறந்த இடம் அது. அந்த வழவழப்பான பகுதி பெரிதாகவும், கடைசியில் சொரசொரப்பாகக் கிழிந்த பகுதி சின்னதாகவும் இருந்தால் சுமை குறைவு, ஆட்டம்தான் கொன்றது. நேர்மாறாக இருந்தால் சுமையே அதிகம். வழவழப்பில் பழைய துரு, பெயிண்ட் இருந்தால் விரிசலுக்கு வயதாகிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஐடிஐ முடித்தவன் இந்தப் பரிசோதனை வேலைக்கு வர முடியுமா?

தாராளமாக. வெல்டிங் கை பழகியவருக்கு விரிசல் எங்கே வரும் என்பது பாதி தெரிந்திருக்கும். காந்தத்துகள், டிபி, அல்ட்ராசோனிக் முறைகளில் லெவல் 2 சான்றிதழ் எடுங்கள். அல்ட்ராசோனிக்தான் கஷ்டம், அதற்குத்தான் மதிப்பும். பயிற்சி நேரமும் அனுபவ நேரமும் உண்மையாகக் காட்ட வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் ஐந்து சான்றிதழ் தரும் இடத்தில் சேர்ந்தால் கல்ஃபில் முதல் இன்டர்வியூவிலேயே மாட்டிக்கொள்வீர்கள், அங்கே ஒரு வெட்டு போட்ட பிளேட்டைக் கையில் கொடுத்துக் குறையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கிட்டப்பார்வைச் சோதனையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கண்ணாடி போட்டுப் படித்தாலும் ஏற்றுக்கொள்வார்கள்.